எத்தனை பல் வைப்பது, அண்ணே?

பாசமும் கோபமும் சரிபாதியாக, என் அண்ணனுக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் கியர் சைக்கிளில் இப்போது கியர் இல்லை. பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம், ஒரு செயின், அவ்வளவுதான். இந்தக் காரியத்தைச் செய்தது குரும்பலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் உன் தங்கச்சி தேவிதான். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடத் தெரியாமல் ஆரம்பித்தேன். நீ இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாய்.

இரண்டாவது செய்தி உனக்குப் பழசுதான். உன் பெண்டாட்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நீ அவள் கழுத்தில் தாலி கட்டிய நாளிலிருந்தே எரிகிறது. நீ போன பிறகாவது அடங்கும் என்று நினைத்தேன். எங்கே அடங்கியது? கூடத்தான் செய்தது. அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று கோபிக்காதே, நேரில் 'வாங்க அண்ணி, சொல்லுங்க அண்ணி'தான்.

ஏன் கூடியது தெரியுமா? காரியம் நடந்த அன்றைக்குப் பெரியம்மா எல்லாரையும் உட்கார வைத்து, யார் யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்று சொன்னாள். கலா அண்ணிக்கு ஒரு வருஷம். நான் எனக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நீ கட்டிக்குடுத்த பொண்ணு. மூணு நாள் போதும், தலைக்கு ஊத்திக்கிட்டு உன் வூட்டுக்குக் கெளம்பு" என்றாள். நான் உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள். அவள் எங்கேயோ ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தவள். அவளுக்கு ஒரு வருஷம், எனக்கு மூன்று நாளா?

அந்த வருஷம் தீபாவளிக்கு என் மாமியார் அதிரசத்துக்குப் பாகு வைக்கச் சொன்னார். வைத்தேன், சுட்டேன், நாலு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். அரியலூரில் உன் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவே இல்லை. பலகாரம் சுடாமல் இருப்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது, அண்ணே. எனக்கு அது இல்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? உன் மாப்பிள்ளையிடம் சொன்னால், இதுக்கெல்லாமா பொறாமைப்படுவாங்க என்று சிரிப்பார்.

தலைத் திவசம் முடிந்த மறுநாள் உன் சாமான்களை ஒதுக்கினோம். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. டயரில் காற்றில்லை. கியர் கம்பிகள் துருப்பிடித்து அறுந்திருந்தன. பின்சக்கரத்தின் பக்கத்தில், செயினை இடம் மாற்றிவிடுமே, அந்தத் தொங்கல் சமாச்சாரம் வளைந்துபோய் இருந்தது. அந்த வண்டியை எப்படிக் கேட்பது, அண்ணி தர மாட்டேன் என்றால் என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, அந்த வண்டியை நீ எடுத்துக்கொண்டு போயேன் தேவி என்று சொல்லிவிட்டு, உன் சட்டைகளை மடிக்கப் போய்விட்டாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைப் பற்றி அவளிடம் எவ்வளவு கொட்டிக் கிடந்தால், அந்தச் சைக்கிளை இவ்வளவு லேசாகத் தூக்கிக் கொடுக்க முடியும்? இல்லாதவள்தானே ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குவாள்? வேண்டியதைக் கையில் வாங்கிக்கொண்டு, வேண்டாததைப் பெற்றவள் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பெரம்பலூர் சைக்கிள் கடையில் காட்டினேன். இந்த மாடலுக்குக் கியர் சாமான் இப்போது வருவதில்லை, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு சாதா வண்டியாக மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு நாளில் செய்து தருகிறேன் என்றார் கடைக்காரர். நானே செய்துகொள்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன, சைக்கிள் வேலை மேல் ஆசையா? உனக்காக அண்ணி செய்யாத ஒன்றை, செய்ய முடியாத ஒன்றை, நான் செய்துவிட வேண்டும். அந்த வீம்புதான்.

மெடிக்கல் ஷாப்பில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. காலைச் சமையலை முடித்துவிட்டு, வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, செல்போனில் வீடியோ ஓடவிட்டு உட்காருவேன். மச்சான் வண்டிக்குப் போஸ்ட்மார்ட்டம் ஆரம்பிச்சாச்சா என்று கேட்டுவிட்டு உன் மாப்பிள்ளை காபியோடு நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார். கம்பிகளும் லீவர்களும் சுலபமாக வந்துவிட்டன. பின்சக்கரம்தான் படுத்தி எடுத்தது. அதில் ஏழு பல்சக்கரமும் ஒரே கொத்தாக இருக்கிறது, ஃப்ரீவீல் என்கிறார்கள். அதைக் கழற்ற ஒரு தனிச் சாவி உண்டு. அது இல்லாமலேயே எடுத்துவிடலாம் என்று சுத்தியலால் தட்டினேன். தட்டியதும் தப்பான பக்கம். கழன்று வர வேண்டியது இன்னும் நன்றாக இறுகிக்கொண்டது, என் விரல் முட்டியில் தோல் போனது.

கடைசியில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். இதுக்கு யாரும்மா டிக்கெட் எடுக்கிறது என்றார் கண்டக்டர். பெரம்பலூரில் ஒரு லேத் பட்டறையில், அந்தத் தனிச் சாவியை இரும்புப் பிடியில் இறுக்கிவிட்டு, சக்கரத்தை அதன்மேல் கவிழ்த்து, பஸ் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற மாதிரி என்னையே திருப்பச் சொன்னார்கள். முழு பலத்தையும் போட்டுத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம், கொத்து கழன்றது. உள்ளுக்குள் நான் அண்ணியை ஜெயித்துவிட்டேன்.

அங்கிருந்து நேராகச் சைக்கிள் கடைக்குப் போனேன். புது ஒற்றைப் பல்சக்கரம் கேட்டதும் கடைக்காரர், "எத்தன பல்லும்மா? பதினாறு, பதினெட்டு, இருவது, மூணுமே இருக்கு" என்றார். பின்னால் பல் குறையக் குறைய மிதிப்பது கஷ்டம், ஆனால் வண்டி பறக்கும். கூடக் கூட மிதிப்பது லேசு, வேகம் இருக்காது. இனி அந்த வண்டிக்கு ஒரே கியர் என்றால், எந்தக் கியர் நீ?

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுகிற நேரத்தில் எங்கள் தெருமுனையில் உன் பெல் சத்தம் கேட்கும். செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவேன். சீட்டில் உட்காராமல், பெடலில் ஏறி நின்று, முதுகை வளைத்து மிதித்துக்கொண்டு வருவாய். தெருநாயெல்லாம் ஒதுங்கும். வாசலில் பிரேக் பிடித்துச் சறுக்கி நின்று, சோறு ஆச்சா என்பாய். அரியலூரிலிருந்து தங்கச்சியைப் பார்க்க இத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வருகிற அண்ணன் இந்தத் தெருவில் வேறு எவளுக்கு இருந்தான்? எதிர்வீட்டு அக்காவிடம் நான் பீற்றிக்கொண்டதற்குக் கணக்கில்லை.

பதினாறு கொடுங்க என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன். கழற்றிவிட்டேன், புதுசு வாங்கிவிட்டேன், பதினாறு பல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொஞ்சம் பொறாமைப்படட்டுமே என்றுதான். அவள், பதினாறு வேண்டாம் தேவி, இருபதாக மாற்றி வாங்கிவிடு, அவர் லேசுக் கியரில்தான் ஓட்டுவார் என்றாள். சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கண்ணன் எப்புடி ஓட்டும்னு எனக்குத் தெரியாதா அண்ணி என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். பெடலில் நின்று பறக்கிற என் அண்ணனைப் போய், லேசுக் கியரில் ஓட்டுகிறவன் என்கிறாளே. பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

பதினாறை மாட்டினேன். செயினைப் பழைய நீளத்திலேயே போட்டேன், தொளதொளவென்று தொங்கியது. வெட்டினேன், அரை ஜாண் அதிகமாக வெட்டிவிட்டேன். இன்னொரு செயின் வாங்கி, இந்தத் தடவை சக்கரத்தில் சுற்றிப் பார்த்து வெட்டினேன். முன்னால் பெடல் பக்கம் இருக்கும் மூன்று பல்தட்டில் பெரியதில் வீராப்பாக மாட்டினேன், செயின் கோணிக்கொண்டு கழன்று கழன்று விழுந்தது. நடுத்தட்டில் போட்ட பிறகுதான் நேராக ஓடியது. பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை இறுக்கியதும், வண்டி தயார். கையெல்லாம் கருப்பு. பாத்திரம் தேய்க்கிற சபீனா போட்டுக் கழுவியும் போகவில்லை.

சமதரையில் நன்றாகத்தான் போனது. ஏரிக்கரை ஏற்றத்தில் பாதி போவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. சின்ன வெங்காயம் ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னை ஆடி அசைந்து தாண்டிப் போனது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அப்போதும் எனக்குப் பெருமைதான், அண்ணே. இதில் ஏறி அரியலூரிலிருந்து வந்திருக்கிறதே எங்கண்ணன் என்று.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பழைய ஏழு சக்கரக் கொத்தை டீசலில் ஊறப் போட்டேன். ஷோகேஸில் உன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று. அழுக்கு போகத் துடைத்தபோதுதான் கவனித்தேன். கடைசியில் இருந்த சின்னச் சக்கரம், நீ வேகமாகப் போகிற சக்கரம், அதில் பூச்சே சரியாகப் போகவில்லை. பெரிய சக்கரங்கள் இரண்டும் தேய்ந்து, பல்லெல்லாம் முள் மாதிரி ஆகியிருந்தன. தொட்டால் விரலில் குத்துகிறது. ஓடாத சக்கரம் தேயாது, இதற்கு வீடியோ பார்க்க வேண்டியதில்லை. அண்ணி சொன்னது நிஜம். நீ லேசுக் கியரில்தான் ஓட்டியிருக்கிறாய்.

நான் அழுதேன். நீ ஏன் அப்படி ஓட்டினாய் என்று அழுதேனா, அவள் சொன்னது சரியாகிவிட்டதே என்று அழுதேனா, தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொத்தைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். அண்ணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உன் மகள் திருச்சி ஹாஸ்டலில் இருப்பதால் வீட்டில் வேறு யாரும் இல்லை. கொத்தை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் தேய்ந்த பல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

இரண்டு வருஷமாகவே உனக்கு இதயம் வீங்கியிருந்ததாம். திருச்சியில் டாக்டர், மூச்சு வாங்கும்படி எதையும் செய்யக்கூடாது என்றாராம். லாரி எடை போடுகிற உன் எடை மேடை வேலைக்குப் போகும்போதே லேசுக் கியரில் போட்டு, வழியில் நின்று நின்று போவாயாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், எடை போட வருகிற சிமெண்ட் லாரிக்காரர்களில் யாரையாவது பிடித்து, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பெரம்பலூரில் இறங்குவாயாம். அங்கிருந்து மெதுவாகக் குரும்பலூர். எங்கள் தெருமுனை வந்ததும் இறங்கி நின்று, மூச்சு சமமாகும் வரை காத்திருந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கியரைச் சின்னச் சக்கரத்துக்கு மாற்றுவாயாம். அதற்கப்புறம்தான் பெல் அடிப்பாயாம்.

நெஞ்சு மாத்திரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் உப்பைக் குறைங்க, மாடிப்படி ஏறாதீங்க என்று வகுப்பெடுக்கிறவள் நான். உன் மாத்திரையை மட்டும் என் கடையில் வாங்காமல் அரியலூரில் வாங்கினாயா? அவளுக்குத் தெரிந்திருக்கிறது, டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது, ஊர் பேர் தெரியாத லாரி டிரைவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உன் கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. எரியுமா எரியாதா, நீயே சொல்.

"எங்கிட்ட மட்டும் ஏன் அண்ணி சொல்லல?" என்றேன்.

"அவருதான் சொல்லாதன்னாரு. தேவிக்கு நான் பெடல்ல நின்னு வர்ற ஆளாவே இருந்துட்டுப் போறேன்னாரு."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். பிறகு காம்பை முறத்தில் வீசினாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பொருளை வீசி நான் பார்த்ததில்லை.

"உனக்கென்ன தேவி. எனக்கு வந்து சேந்ததெல்லாம் மூச்சு வாங்குறதும் மாத்திரையும்தான். ஞாயித்துக்கெழமயானா தேச்ச சட்டையப் போட்டுக்கிட்டு உன் வூட்டுக்குக் கெளம்பிருவாரு. அவரு அப்புடி வேகமா ஓட்டி நான் ஒரு நாளும் பாக்கல. அண்ணன் பறந்து வந்துச்சுன்னு நீ போன்ல சொல்லச் சொல்ல எனக்கு எப்புடி எரியும் தெரியுமா?"

உண்மையைச் சொல்கிறேன், அண்ணே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை காலம் நான் மட்டும் வெந்துகொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன். அந்தப் பக்கமும் அடுப்பு எரிந்திருக்கிறது என்றதும் உள்ளே குளுகுளுவென்று ஆனது. அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரு சாப்பிட்டுப் போகலாம் என்று எழுந்தபோது போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி குரும்பலூர் வந்தாள். நீ போன பிறகு என் வீட்டுப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. காபி கொடுத்தேன். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவரு எப்புடி வருவாருன்னு ஒரு தடவ ஓட்டிக் காட்டேன்" என்றாள்.

எனக்கு மனசே வரவில்லை. உன்னில் எனக்கென்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். உன் வீடு அவளுக்கு, உன் மகள் அவளுக்கு, உன் நோய் அவளுக்கு, தீட்டு கூட அவளுக்கு. இதையும் கொடுக்க வேண்டுமா? வெயில் அடிக்கிறது, டயரில் காற்று கம்மி என்று என்னென்னவோ சொன்னேன். அவள் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாள். நான் எப்போதும் நிற்கிற அதே இடத்தில்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். பெல் அடித்துவிட்டு, பெடலில் ஏறி நின்று மிதித்தேன். பதினாறு பல், கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. பாதித் தெருவுக்குப் பிறகு வேகம் பிடித்தது. எதிர்வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். வாசலில் பிரேக் பிடித்துச் சறுக்கினேன், உன் அளவுக்கு வராவிட்டாலும் விழாமல் நின்றேன்.

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. காலியாக இருந்த சீட்டையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ, தேவி" என்றாள்.

போனேன், வந்தேன். மறுபடியும் இன்னொரு தடவை என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகவில்லை, காதெல்லாம் அடைத்துக்கொண்டது. அண்ணி சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, முதுகை நடுவிலிருந்து மேல்பக்கமாகத் தடவிவிட ஆரம்பித்தாள். வாயால விடு, மெதுவா விடு, அவசரமில்ல என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரையும் கேட்டுச் செய்கிற கை இல்லை அது. இரண்டு வருஷம் பழகிய கை. என் மூச்சு அந்தக் கைக்கு அடங்கி ஒழுங்காகும் வரை அவள் நிறுத்தவில்லை.

அப்போது எனக்கு உன்மேல் பொறாமை வந்தது, அண்ணே. அவள்மேல் இல்லை, உன்மேல். இப்படி ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டா என் தெருவில் வந்து சர்க்கஸ் காட்டினாய்? என் முன்னாலும் ஒரு நாள் மூச்சு வாங்கியிருந்தால் நானும் தடவிவிட்டிருப்பேனே.

இருபது பல் வாங்கி வைத்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவேன். மாற்றிய பிறகு ஒரு நாள், எந்த லாரியும் ஏறாமல், குரும்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் மிதித்தே போகப் போகிறேன். எத்தனை இடத்தில் இறங்கித் தள்ள வேண்டுமோ, தள்ளுவேன். ஆனால் உன் தெருமுனையில் நின்று முகம் துடைக்க மாட்டேன். இளைக்க இளைக்க அப்படியே போய் அண்ணி முன்னால் நிற்பேன். இது சத்தியம். பொறாமைப்படுவதை விட்டுவிடுகிறேன் என்று மட்டும் என்னிடம் சத்தியம் கேட்காதே.

இப்படிக்கு,
மூன்று நாள் தீட்டோடு முடிந்துபோகாத
உன் கூடப் பொறந்தவ, தேவி